கப்பித்தான் பெட்டியில் அக்னேசு எழுதியது

எஸ்தாக்கி தன் பெண்டாட்டி அக்னேசின் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கியபோது வரிசையில் பதினோரு பெண்கள் நின்றிருந்தார்கள், ஒருத்தியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வாரத்தில் அவன் பிடுங்குவது அது மூன்றாவது தடவை, முதல் தடவை பார்த்தபோதே அவர்கள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்திருந்தார்கள். காகிதம் வெறுமையாக இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அதில் ஆறு வரி இருந்ததை, ஆறாவது வரியின் கடைசியில் அவள் பேனாவை அழுத்தி வைத்த புள்ளியை, அந்தப் புள்ளி மணலில் விட்ட தண்ணீர் மாதிரி காகிதத்துக்குள் இறங்கி, அடியில் இருந்த பச்சைத் துணிக்குள் இறங்கி, போயே போனதை அவன் கண்ணால் கண்டிருந்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மோந்து பார்த்தான். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தான். உப்புக் கரித்தது.

"யாருக்குட்டி எழுதுன?"

அக்னேசு மைக்கூட்டின் பித்தளை மூடியைத் திருகி வைத்தாள். "எழுதுனவளுக்குத் தெரியும். வாசிக்க வேண்டியவுகளுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

பின்னால் நின்ற செலஸ்தீனா, "மைனி, சண்டைய அந்தப் பக்கம் வச்சுக்கிடுங்க, அவரு வலை இழுக்கதுக்குள்ள நான் எழுதணும்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கெபித்துறையில் எல்லா ஆண்களும் கடலுக்குப் போகிறவர்கள், எஸ்தாக்கியைத் தவிர. பதினாறு வயதில் முதல்தடவை அவனைப் படகில் ஏற்றியபோது கரை மறைவதற்குள் அவன் வாந்தி எடுக்க ஆரம்பித்து, குடலே வெளியே வந்துவிடும் போல எடுத்து, ஆறு பேரும் வலையை நனைக்காமலே திரும்பிவர வேண்டியதாயிற்று, அன்றிலிருந்து ஊரில் இன்னொரு எஸ்தாக்கி இருந்தபடியால் இவனுக்கு வாந்தி எஸ்தாக்கி என்று பெயர் வந்தது, இன்னொரு எஸ்தாக்கி செத்துப் பத்து வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. அவன் கப்பல் சாமான் கடை வைத்தான். உடைத்த கப்பல்களிலிருந்தும் இடித்த துறைமுகத்துப் பங்களாக்களிலிருந்தும் வருகிற மிதவைச் சட்டைகள், வட்டக் கண்ணாடிகள், இரும்புக் கட்டில்கள், யாரும் வாங்காத கோப்பைகள். கடலுக்குப் போகாதவன் வீடு முழுக்கக் கடலிலிருந்து வந்ததே கிடந்தது.

அப்படி ஒரு பங்களாச் சாமான்களோடுதான் பெட்டியும் வந்தது. மூடியிருந்தால் ஒரு முழ நீளத்துக்குச் சாதாரண மரப்பெட்டி, மூலைக்கு மூலை பித்தளை. திறந்தால் இரண்டு பாதியும் சேர்ந்து எழுதுவதற்குச் சாய்வான பலகையாகிவிடும், மேலே பச்சைத் துணி, தலைமாட்டில் மைக்கூடு இரண்டு, பேனா வைக்க ஒரு பள்ளம். அலையில் வழுக்கி விழாமல் மேசையோடு முடுக்கி வைக்க அடியில் திருகாணி ஓட்டைகள் இருந்தன. எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரக் கடற்படைக்காரன் ஒருவன் கப்பலில் வைத்து வீட்டுக்குக் கடிதம் எழுதியது. மூடியில் பதித்த தகட்டில் அவன் பெயர் தேய்ந்து லெப்டினன்ட் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. லெப்டினன்ட் என்று சொல்ல நாக்கு சுளுக்கியதால் ஊர் அவனைக் கப்பித்தான் ஆக்கிவிட்டது.

செலஸ்தீனாதான் முதலில் எழுதியது. மகளின் பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்ப வந்தாள், கடையில் ஆடாத பலகை அது ஒன்றுதான். பேனா எழுதுகிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதத்தில், 'அந்தோணி, கேஸ் தீந்துபோச்சு, ஒங்க அம்மாகிட்ட நான் கேக்க மாட்டேன்' என்று கிறுக்கினாள். கிறுக்கியது மறைந்தது. பழைய மை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். நாலாம் நாள் கரைக்கு வந்த புருஷன், படகிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, நடுக்கடலில் தேயிலை டப்பாவைத் திறந்தால் அதற்குள் உன் கையெழுத்து, அங்கேகூட மனுஷனை நிம்மதியாக விடமாட்டாயா என்று கத்தினான். எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேஸ் ஏன் தீர்ந்தது என்றுதான் கேட்டான்.

மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் நாற்பது பேர். ஏன் வராமல் இருப்பார்கள்? செல்போன் கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குத்தான் எடுக்கும், அதற்கு அப்பால் வயர்லெஸ்தான், வயர்லெஸ்ஸில் ஒருத்தி தன் புருஷனிடம் எப்ப வருவிய என்று கேட்டால் நாற்பது படகிலும் கேட்கும், நாற்பது படகிலிருந்தும் பதில் வரும், அந்தப் பதில்களைக் கேட்டுவிட்டு அவள் ஒரு வாரத்துக்குத் தெருவில் நடக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து கெபித்துறைப் பெண்கள் கடலில் இருக்கும் புருஷனிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொன்னார்கள். மாவு புளித்ததை, மாமியார் சொன்னதை, மார்பில் தட்டுப்பட்ட கட்டியை, பிள்ளை முதன்முதலில் குப்புற விழுந்ததை எழுதினார்கள், எழுதினது மறைந்தது, கடலில் அவனவன் அடுத்து எதைத் திறந்தானோ அதற்குள், சோற்றுப் பானையோ பீடிக்கட்டோ எஞ்சின் பெட்டியோ, மடித்த காகிதமாகக் கிடந்தது. வேறு ஒருவன் திறந்தால் வராது. பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் போகாது, மையில் தொட்டு எழுதவேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் தன் இடமாற்றத்துக்காகக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தார், எழுத்து அப்படியே நின்றது. அலுவலகம் எந்தக் காலத்தில் படகு ஏறியது என்று பெண்கள் சிரித்தார்கள்.

ஊர்க் கமிட்டி கூடி விதி போட்டது. ஆளுக்கு ஒரு பக்கம். பலகை மேல் அழக்கூடாது, ஏனென்றால் அழுததும் போய்ச் சேர்ந்து ஒருவனின் அரிசி முழுக்க நனைந்துவிட்டது. கடலில் செத்தவர்களின் பெண்டாட்டிகள் தங்களுக்கும் முறை வேண்டும் என்று வந்து நின்றபோது கமிட்டிக்காரர்கள் பங்குச் சாமியாரிடம் போனார்கள், அவர், அவுகளும் கடல்லதான இருக்காக என்றார், புதன்கிழமை அவர்களுக்கு என்று ஆனது. அவர்கள் எழுதியதும் மறைந்தது. போய்ச் சேர்ந்ததா என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை, அடுத்த புதன் மறுபடி வந்தார்கள்.

இவ்வளவும் எஸ்தாக்கியின் வீட்டில், எஸ்தாக்கியின் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

முதலில் அவனுக்குப் பெருமைதான். இரண்டு வாரத்தில் அது புளித்துவிட்டது. தினமும் நாற்பது முகங்களைப் பார்த்தான், வீட்டில் புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண்ணின் முகத்திலும் வராத ஒன்று, அவன் இல்லாத இடத்தில், பச்சைத் துணிக்கு மேல் குனியும்போது வந்தது. மூக்குச்சளியை முந்தானையில் துடைக்கிற செலஸ்தீனாவுக்குக்கூட வந்தது. கரையிலேயே கிடக்கிறவனுக்கு யார் எழுதப்போகிறார்கள்? எதற்கு எழுதவேண்டும்? உப்பு குறைகிறது என்றால் அடுப்படியிலிருந்து கத்தினால் போதும். ஊரில் உள்ள அத்தனை ஆண்களின் மீதும், பல் விழுந்த கிழவர்கள் மீதும், முதல் தாடி முளைக்காத பையன்கள் மீதும், புதன்கிழமைதோறும் கடிதம் போகிற செத்தவர்கள் மீதும் அவனுக்குப் பொறாமை வந்தது. செத்தவன் மேல் பொறாமைப்படுகிறோமே என்று அவனுக்கு வெட்கமும் வந்தது. வெட்கம் வந்ததால் பொறாமை குறையவில்லை.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை அக்னேசு வரிசையில் வந்து நின்றாள். சொந்த வீட்டில், கடைசி ஆளாக, யாரையும் முந்தாமல், கையில் நாலாக மடித்த காகிதத்தோடு.

அவளுக்குக் கடலில் யாரும் இல்லை. அப்பா மஞ்சள்காமாலையில், படுக்கையில், தரையில் செத்தவர். அண்ணன்கள் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். எஸ்தாக்கி விரல்விட்டு எண்ணி முடித்தபோது ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினான்: ரெமிஜியுஸ். மாலத்தீவுக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப் போகிற தோணியின் தண்டல், ஏழு ஆட்களுக்குத் தலைவன், கரையில் மாதத்துக்கு ஐந்து நாள் இருந்தால் அதிகம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அக்னேசைப் பெண் கேட்டு அவன் வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. அவளுடைய அப்பா, வருஷம் முழுக்கக் கடலில் கிடக்கிறவனுக்குக் கொடுத்தால் என் மகள் வாசலைப் பார்த்தே கிழவியாகிவிடுவாள் என்று சொல்லி, ஒருநாளும் வீட்டைவிட்டு நகராத எஸ்தாக்கிக்குக் கொடுத்தார். ரெமிஜியுஸ் அதற்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்தை எஸ்தாக்கி பதினெட்டு வருஷமாக முதுகில் குத்திய முள் மாதிரி வைத்திருந்தான், எடுக்கக் கை எட்டவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் கேவலம். பேனா முள்ளை ஒளித்துவைத்தான், அவள் செலஸ்தீனாவிடம் இரவல் வாங்கி எழுதினாள். மையில் தண்ணீர் கலந்தான், வெளிறின எழுத்தாக எழுதினாள். கப்பலிலிருந்து வந்த பெரிய கண்ணாடியை அவள் முதுகுக்குப் பின்னால் மாட்டி, அதில் பார்த்து வாசிக்கலாம் என்று உட்கார்ந்தான், எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது, முதல் வார்த்தையை அவன் கூட்டிப் படிப்பதற்குள் ஆறு வரியும் இறங்கிவிட்டது. அடியில் கார்பன் தாளும் வெள்ளைத் தாளும் வைத்தான். வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது, கார்பன் தாளும் வெள்ளையாகிவிட்டது. வரிசையில் நின்ற பெண்கள், இந்த ஆளு அந்தக் கடுதாசிய வாசிக்கப் படுத பாட்டுக்கு அவளுக்கு ரெண்டு சேலை எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று அவன் காதுபடவே பேசினார்கள்.

கடைசியில் அவனே எழுதினான். வரிசை கலைந்த ஒரு மத்தியானம், அக்னேசு தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், பலகை முன் உட்கார்ந்து, 'ரெமிஜியுஸ், அவள் உனக்குத்தான் எழுதுகிறாளா, ஆண்பிள்ளையாக இருந்தால் சொல்' என்று எழுதினான். மறைந்தது. மறைந்த பிறகுதான் யோசித்தான், கடலிலிருந்து இந்தப் பக்கம் இதுவரை ஒரு வரிகூட வந்ததில்லையே என்று.

பத்தொன்பது நாள் கழித்துத் தோணி வந்தது. ரெமிஜியுஸ் குளிக்காமல், வெங்காய வாடையோடு, கெபித்துறைத் தெரு முழுக்கப் பார்க்க நேரே எஸ்தாக்கியின் கடைக்கு வந்தான். கையில் அந்தக் காகிதம். வரிசை தானாகவே விலகி வழிவிட்டது. எஸ்தாக்கி எழுந்து நின்றான், பக்கத்தில் கிடந்த நங்கூரச் சங்கிலியைக் காலால் தடவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

ரெமிஜியுஸ் அடிக்கவில்லை. ஒரு மிதவைச் சட்டைக் குவியல் மேல் உட்கார்ந்தான்.

"தோணியில எட்டுப் பேரு வே" என்றான். "ஏழு பேருக்குக் கடுதாசி வருது. டப்பாவத் தொறக்கும்போது எல்லாவனும் ஒரு பக்கமாத் திரும்பிக்கிடுவான், நான் சுக்கானப் பிடிச்சுக்கிட்டு மானத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன். தண்டல்ங்கிற மருவாதிக்கி எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான். அன்னைக்கிப் பொகையிலை டப்பாவத் தொறக்கேன், காயிதம் கெடக்கு. சத்தியமாச் சொல்லுதேன், சுக்கான விட்டுட்டேன். விரிச்சா நீரு."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்னேசு தனக்கு ஒரு வரியும் எழுதவில்லை, வேண்டுமானால் தோணியில் வந்து எல்லா டப்பாவையும் திறந்து பார்த்துக்கொள்ளும் என்றான். பிறகு ஜெரோனின் கதையைச் சொன்னான். ஜெரோன் அவன் தோணியில் பாய் கட்டுகிறவன், காலை முறித்துக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் கிடந்துவிட்டு இந்தத் தடவைதான் ஏறினான். முதல் நாள் சாயங்காலம் படுக்கையை அவிழ்த்தால் உள்ளே முப்பத்தியொரு கடிதம். எல்லாம் அவன் பெண்டாட்டி எழுதியது. அவன் கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்தபோது, அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, சட்டி கழுவிவிட்டு, இங்கே வந்து வரிசையில் நின்று எழுதியது. அத்தனையும் கடலில் அவனுக்காகக் காத்துக் கிடந்தது.

"பக்கத்துலயே படுத்துக் கெடந்தவனுக்கு எழுதிருக்கா" என்றான் ரெமிஜியுஸ். "மூணு நாளு வாசிச்சான். வாசிச்சிட்டு ஒருத்தங்கிட்டயும் பேசல. ஒமக்கு இன்னும் வெளங்கலையா? எனக்கு ஒம்ம மேல பதினெட்டு வருசமாப் பொறாம வே. இன்னைக்கித்தான் ரொம்பக் கூடிப்போச்சி."

எஸ்தாக்கி திரும்பிப் பார்த்தான். அக்னேசு குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எனக்கா எழுதினாய் என்று கேட்க அவன் வாயெடுப்பதற்குள் அவள் குடத்தை இறக்கிவைத்தாள்.

"வாயால சொல்லணும்னா இத்தன நாளு சொல்லிருப்பேன்" என்றாள். "ஒரே ஒரு தடவ கடலுக்குப் போங்க. தொறை எல்லையில கெடக்க மிதவையத் தாண்டுனாப் போதும். தாண்டி எதையாவது தொறந்து பாருங்க. இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல."

மிச்சத்தை ஊர்தான் சொன்னது. கமிட்டித் தலைவர் தெருவில் நிறுத்திச் சொன்னார். சாமியார் பூசைக்குப் பிறகு தோளைத் தட்டிச் சொன்னார். செலஸ்தீனாவின் புருஷன், நீரு வாந்தி எடுத்தா நான் வாளி பிடிக்கேன் என்றான். வாந்திக்கு என்ன செய்யலாம் என்று ஊரே மூளையைக் கசக்கியது, எலுமிச்சம்பழம், இஞ்சி, வயிற்றில் இறுகக் கட்டிய துண்டு, கண்ணை மூடாமல் தூரத்துக் கரையையே பார்ப்பது. புதன்கிழமைப் பெண்களில் ஒருத்தி வந்து அவன் எதிரே சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாள். அது அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலை வெயில் ஏறும் முன்னால் ரெமிஜியுஸ் ஒரு ஃபைபர் படகை இரவல் வாங்கி, எஞ்சினைத் தட்டிவிட்டு, முழங்கால் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றான். கடல் தாம்பாளத் தண்ணீர் மாதிரி கிடந்தது, வாந்தி எடுக்க ஒரு சாக்குக்கூட இல்லை. அக்னேசு வீட்டு வாசலில் வைத்து எஸ்தாக்கியின் கையில் தூக்குவாளியைக் கொடுத்தாள். மூடியைத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள். "இங்க தொறக்காதிய. மிதவையத் தாண்டித் தொறங்க" என்றாள். அவ்வளவுதான்.

அவன் கடற்கரை வரை நடந்தான். ஈர மணல் வரை நடந்தான். ரெமிஜியுஸ் கையை நீட்டினான்.

அங்கே நின்றபோது எஸ்தாக்கிக்கு வயிறு புரளவில்லை. அதுதான் உண்மை. வாந்தி வரும் என்று பயந்தான் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள், அவனும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். அவன் யோசித்தது வேறு. மூடியைத் திறந்து, உள்ளே சோறு மட்டும் இருந்தால், ரெமிஜியுஸும் இல்லை, தானும் இல்லை, வேறு யாரோ. அதைச் சுமந்துகொண்டு திரும்பிவந்து அவள் வைக்கிற குழம்பை எப்படிச் சாப்பிடுவது? உள்ளே கடிதம் இருந்தால், ஒன்று இருக்காது, அந்த முதல் திங்கட்கிழமையிலிருந்து எழுதியதெல்லாம் இருக்கும், பதினெட்டு வருஷம் கூடவே இருந்தவனிடம் சொல்ல முடியாமல் பலகையில் குனிந்து எழுதினவள் எல்லாமுமா நல்லதாக எழுதியிருப்பாள்? கடலில் இருக்கிற ஆண்கள் மேல் அவன் பட்ட பொறாமையெல்லாம், அவர்களுக்கு ஒரு மூடியைத் திறக்க இத்தனை பயம் இருக்கிறது என்று தெரியாமல் பட்ட பொறாமை. தெரிந்த பிறகும் அது போகவில்லை. இப்போது அவனுக்குத் தன்மேலேயே பொறாமையாக இருந்தது, மிதவைக்கு அப்பால் இருக்கிற அந்த இன்னொரு எஸ்தாக்கி மேல், அவளுடைய காகிதங்கள் யாருக்காகக் காத்துக் கிடக்கின்றனவோ அந்த ஆள் மேல்.

ரெமிஜியுஸ் நீட்டிய கையை மடக்கவில்லை. "ஏறும் வே" என்றான். கொஞ்சம் கழித்து, "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன், வாசிக்கும்போது பாக்க மாட்டேன்" என்றான்.

எஸ்தாக்கி ஈரமில்லாத மணலாகப் பார்த்து உட்கார்ந்தான். துணி முடிச்சை அவிழ்த்தான், பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது, அத்தனை இறுக்கமாகக் கட்டியிருந்தாள். எந்தக் கடிதமும் வந்து சேராத கரையிலேயே மூடியைத் திறந்தான். புளிச்சோறும் கருவாட்டுத் துண்டும் இருந்தன. ரெமிஜியுஸ் எஞ்சினை அணைத்துவிட்டுத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.